நல்ல பிள்ளை ஹோர்மோன்

சிட்னியில் இருபது வருடத்துக்கு மேல் ஆட்களின் இரத்தத்தோடு வேலை செய்தவள் நான். ஆட்களோடு வேலை செய்தேன் என்று சொல்ல மாட்டேன். என் மேசைக்கு வருவது ஒரு சின்னப் பிளாஸ்டிக் குப்பி. அதில் ஒட்டியிருக்கும் துண்டில் ஓர் இலக்கம். குப்பிக்குள் இருப்பவர் ஆணா பெண்ணா, சிரிக்கிற ஆளா சண்டைக்காரரா என்று எனக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பது விதி. அந்த விதி எனக்கு மிகவும் வசதியாக இருந்தது. இதை ஒளிக்காமல் முதலிலேயே எழுதிவிடுகிறேன். நான் சொல்லப்போகும் விஷயத்தில் நல்ல பெயர் வாங்க எனக்கு ஓர் இடமும் இல்லை.

எண்பத்துமூன்றில் கொழும்பில் நாங்கள் இருந்த வீட்டை எரித்தார்கள். அடுத்த வருடம் நானும் கணவரும் சிட்னிக்கு வந்தோம். என்னிடம் இரசாயனவியல் பட்டம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் போத்தல் கழுவும் வேலை எடுத்தேன். நான்கு வருடம் கழுவினேன். பிறகு யாரோ பிரசவ விடுமுறையில் போக, அந்த மேசையில் என்னை உட்கார வைத்தார்கள். போனவர் திரும்பி வரவில்லை, நானும் எழும்பவில்லை. அந்த நான்கு வருடத்தில் நான் படித்த பாடம் ஒன்றுதான்: வாயை மூடிக்கொண்டு, சொன்னதைச் சரியாகச் செய்து, மூன்று மணித் தேநீருக்கு எல்லாரோடும் சிரித்தால் இந்த நாட்டில் ஒருவரும் உன்னை அசைக்க மாட்டார்கள். எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் இங்கே தலையெடுத்தோம். அதற்கு உழைப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் நல்ல கறுப்பு. ஒருநாள் பெரிய கடையொன்றில் காவலாளி ஒருவன் என் கைப்பையைத் திறக்கச் சொன்னான். பின்னால் வந்த வெள்ளைக்காரியின் பையைக் கேட்கவில்லை. "நான் ஸ்ரீலங்கன்" என்றேன். உடனே அவன் முகம் மாறியது. "மன்னிக்கவும், நான் உங்களை வேறு ஆள் என்று நினைத்துவிட்டேன்" என்று வழிவிட்டான். வேறு ஆள் என்றால் இந்த நாட்டுப் பழங்குடி ஆள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அன்று வீட்டுக்கு வரும்போது எனக்கு வந்தது கோபம் இல்லை, பெருமை. நான் அந்த ஆள் இல்லை என்று அவன் ஒப்புக்கொண்டானே என்ற பெருமை. வெட்கம் வர எத்தனையோ வருடம் பிடித்தது.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் எங்கள் கூடத்துக்கு அந்த ஆய்வு வந்தது. பழங்குடி மக்களில் நாற்பது, ஐம்பது வயதிலேயே நீரிழிவு எனும் சீனி வருத்தம் முற்றி, கிட்னி கைவிட்டு, டயாலிசிஸ் இயந்திரத்தோடு கட்டுப்படுகிறவர்கள் ஏராளம். வருத்தம் வெளியே தெரியும்போது பாதி கிட்னி போயிருக்கும். அதற்கு முன்னமே இரத்தத்தில் ஏதாவது ஒரு ஹோர்மோன் அடையாளம் காட்டுமா என்று பார்ப்பதுதான் வேலை. பார்க்கப்போவது கொழுப்பு சுரக்கிற ஹோர்மோன்களை. எங்கள் தமிழில் கொழுப்பு என்றால் திமிர் என்றும் அர்த்தம். ஆய்வை நடத்திய பேராசிரியர் முதல் கூட்டத்தில், "கொழுப்பு சும்மா கிடக்கிற பொருள் இல்லை, அது உடம்போடு பேசுகிறது" என்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கொழுப்பு வாய்காட்டும் என்பதை நாங்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டோமே.

அந்த ஹோர்மோன்களில் ஒன்றுக்கு அடிபோனெக்டின் என்று பெயர். மற்றவை கூடினால் கெடுதி. இது கூடினால் நல்லது. உடம்பு பெருத்து, சீனி ஏறும் ஆட்களுக்கு இது இறங்கிப்போகும். ஆகவே எண் உயரமாக இருந்தால் சந்தோஷப்படலாம் என்பது கணக்கு. எங்கள் கூடத்தில் இதை எல்லாருமே நல்ல ஹோர்மோன் என்றார்கள். நான் எனக்குள் நல்ல பிள்ளை என்று பெயர் வைத்தேன்.

இரத்தம் எடுப்பதற்கு நகரத்தின் மேற்கே, ரயில் பாதை முடிகிற பக்கமாக ஒரு சமூக மண்டபத்துக்குப் போவோம். சனிக்கிழமைகளில் காலையில். எடுத்த இரத்தத்தை அங்கேயே சுழற்றிப் பிரித்து, சிறுநீர்க் குப்பிகளோடு ஐஸில் வைப்பதற்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்த மண்டபத்தில் எல்லாம் ஒரு பெண்மணியின் கையில் இருந்தது. ஐம்பதைத் தாண்டியவர், அகன்ற உடம்பு, இருமினால் மண்டபமே திரும்பிப் பார்க்கும் குரல். அந்தப் பகுதிக் கிளினிக்கில் பழங்குடிச் சுகாதாரப் பணியாளராக இருந்தார். அவர் வீடு வீடாகப் போய்ச் சொல்லாவிட்டால் எங்களுக்கு ஒரு சொட்டு இரத்தமும் கிடைத்திருக்காது. எல்லாரும் அவரை அன்ரி என்றுதான் கூப்பிட்டார்கள், அவருக்கு மூத்தவர்கள் சிலர் கூட. எங்கள் பிள்ளைகளும் கோயிலில் காண்கிற பெண்களையெல்லாம் அன்ரி என்றுதானே கூப்பிடுகிறார்கள். எனக்கும் அது வாயில் தானாக வந்தது.

முதல் நாளே அவர் என்னைப் பார்த்து, "நீ எங்கட ஆளோ?" என்று கேட்டார். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே 'யூ'தான். ஆனால் அவர் வாயில் வந்தது எனக்கு 'நீ' என்றே கேட்டது. அவர் பேசியதை எல்லாம் நான் கேட்டபடியே என் பேச்சில் எழுதுகிறேன்.

"இல்லை அன்ரி, ஸ்ரீலங்கா."

"அப்பிடியெண்டால் கொஞ்சம் தூரத்துச் சொந்தம்" என்று சிரித்தார்.

அவரும் இரத்தம் கொடுத்தார். தான் கொடுக்காமல் மற்றவர்களைக் கேட்கக்கூடாது என்று முதல் ஆளாக வந்து கையை நீட்டினார். மற்றவர்களையெல்லாம் ஒரே ஒரு வாக்கைக் கொடுத்துத்தான் கூட்டிக்கொண்டு வந்தார். அவரின் சனம் முன்னும் பலமுறை இரத்தம் கொடுத்தவர்கள். வெள்ளை மேலங்கிகள் வரும், ஊசி போடும், சாண்ட்விச் கொடுக்கும், போய்விடும். பிறகு ஒரு கடிதம் கூட வராது. "இந்த முறை அப்பிடி நடக்காது. ஒவ்வொரு ஆளுக்கும் முடிவு வரும். வராட்டி என்னைக் கேளுங்கோ" என்று அன்ரி சொல்லியிருந்தார். நாங்கள் கொடுத்த படிவத்தில் 'முடிவுகள் உரிய வழியில் அறிவிக்கப்படும்' என்று ஒரு வரி இருந்தது. உரிய வழி எது என்று ஒருவரும் எழுதவில்லை.

கடைசிச் சனிக்கிழமை நான் ஐஸ் பெட்டியை மூடிக்கொண்டிருந்தபோது அன்ரி வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தார். என்னை அவர் சகோதரி என்ற அர்த்தத்தில் சிஸ் என்பார்.

"சிஸ், எல்லாத்தையும் கையால தொடுற ஆள் நீதான். அளக்கேக்க ஏதும் பிழையாக் கண்டால் எனக்குச் சொல்லுவியா? பேர் வேண்டாம். இலக்கத்தை மட்டும் சொல்லு. ஆள் ஆரெண்டு எனக்குத் தெரியும்."

நான், "ஐ வில் ஸீ" என்றேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். எங்கள் ஊரில் ஒருவருக்கு முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மாட்டோம். கலியாணம் பேசி வந்தவரிடமும் 'பாப்பம்' என்போம், காணிக்கு விலை கேட்டு வந்தவரிடமும் 'பாப்பம்' என்போம். கேட்டவருக்கும் விளங்கும், தேநீரைக் குடித்துவிட்டு எழும்பிப் போய்விடுவார். மரியாதை கெடாது. நான் அன்ரிக்குச் சொன்னது அந்த 'பாப்பம்'தான். அதற்கு ஆங்கில உடுப்புப் போட்டுச் சொன்னேன், அவ்வளவுதான். அன்ரி அந்த ஊர்க்காரி இல்லையே. 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று நான் வாக்குக் கொடுத்ததாக எடுத்துக்கொண்டார். என் தோளில் தட்டினார். பிறகு மண்டபத்தில் மிச்சம் இருந்தவர்களைப் பார்த்து, "ஆய்வுகூடத்தில எங்களுக்கு ஒரு ஆள் இருக்கு. அவ பாத்துக்கொள்ளுவா" என்று உரத்துச் சொன்னார். நான் அங்கேதான் நின்றேன். திருத்தவில்லை.

குப்பிகள் சில மாதம் உறைபெட்டியில் கிடந்தன. கூட்டமாகச் சேர்த்து அளந்தால்தான் அளவு ஒரே சீராக வரும். பிறகு ஒருநாள் உருகவைத்து, தட்டுகளில் ஊற்றி, நிறம் மாறுவதைக் கருவி வாசிக்க, இலக்கங்கள் தாளில் வந்தன. நல்ல பிள்ளை எதிர்பார்த்தபடியே பெரும்பாலானவர்களுக்கு இறங்கிக் கிடந்தது. சீனி கூடியவர்களுக்கு இன்னும் கீழே. பேராசிரியர் நினைத்த கோடு அழகாக விழுந்தது. எட்டுப் பேர் மட்டும் அந்தக் கோட்டில் அடங்கவில்லை. இடுப்புச் சுற்றளவு பெரிது, சீனி உயரம், நல்ல பிள்ளை இறங்கியிருக்க வேண்டும். ஏறி நின்றது.

கருவிப் பிழை என்றார் பேராசிரியர். திரும்ப அளந்தேன். அதே எண். மூன்றாம் முறையும் அளந்தேன், வேறு பெட்டி மருந்தோடு. அதே எண்.

அந்த எட்டுப் பேரின் சிறுநீர்க் குப்பிகளும் என்னிடம்தான் இருந்தன. அவற்றில் புரதம் எவ்வளவு என்று அளப்பதும் என் வேலை. அளந்தேன். எட்டிலும் புரதம் அளவுக்கு மிஞ்சி இருந்தது. கிட்னியில் ஓட்டை விழுந்தால்தான் அப்படிப் புரதம் ஒழுகும். பிறகு விளங்கியது. கிட்னி சரியாக இருந்தால் இந்த ஹோர்மோனை இரத்தத்திலிருந்து அகற்றிக்கொண்டிருக்கும். கிட்னி படுத்தால் அது இரத்தத்திலேயே தேங்கும், எண் ஏறும். நல்ல பிள்ளை நல்ல பிள்ளைக்கு நடித்துக்கொண்டிருந்தது. தாளை மேலோட்டமாகப் பார்த்தால் அந்த எட்டுப் பேரும்தான் முழுக் கூட்டத்திலும் சுகமான ஆட்கள்.

பேராசிரியரிடம் போனேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. என் பிறந்தநாளுக்கு ஞாபகமாக வாழ்த்துச் சொல்கிறவர். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இதை எழுதுவது சுலபம்.

"நீங்கள் சொல்வது சரிதான். இது கிட்னியாகத்தான் இருக்க வேண்டும். சுவாரசியமான விஷயம்" என்றார்.

"அவர்களுக்குச் சொல்ல வேண்டாமா?"

"ஹோர்மோன் அளவு நோயாளிக்குச் சொல்லும் சோதனை இல்லை. சிறுநீர்ப் புரதத்தைக் கிளினிக் தனியாகப் பார்த்திருக்கும். பகுப்பாய்வு முழுவதும் முடியட்டும், அதன் பிறகு ஒழுங்காகக் கடிதம் போடலாம். அரைகுறையாகச் சொல்லிப் பயப்படுத்தக் கூடாது."

கிளினிக் பார்க்கவில்லை. அது எனக்குத் தெரியும். அந்தச் சனிக்கிழமைகளில் சிறுநீர்க் குப்பிகள் எல்லாம் நேரே என் ஐஸ் பெட்டிக்குள் வந்தவை. கிளினிக்குக்கு ஒன்றும் போகவில்லை. ஆய்வுகூடம் பார்க்கிறது என்று கிளினிக் நினைத்தது. கிளினிக் பார்க்கிறது என்று ஆய்வுகூடம் நினைத்தது. நடுவில் நின்று இரண்டு பக்கமும் தெரிந்த ஒரே பிறவி நான். "கிளினிக் பார்க்கவில்லை" என்று இரண்டே இரண்டு சொல் சொல்லியிருக்கலாம். "சரி பேராசிரியர்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் கணவருக்குச் சொன்னேன். அவருக்கும் சீனி வருத்தம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம், சிறுநீர், கண், கால் எல்லாம் பார்த்து அவருடைய டொக்டர் எண்களை அவர் கையில் கொடுப்பார். அதைக் குசினிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார்.

"உமக்கேன் இந்த வில்லங்கம்?" என்றார். "பெரிய ஆக்கள் யோசிச்சுத்தான் செய்வினம். நீர் உம்மட வேலையைப் பாரும்."

"அந்த மனுசி என்னை நம்பிக்கொண்டு இருக்கிறா."

"நீர் என்ன சத்தியம் பண்ணிக் குடுத்தனீரோ? பாப்பம் எண்டுதானே சொன்னனீர்."

அவருக்கு அந்தச் சொல் சரியாக விளங்கியது. அவர் எங்கள் ஊர்க்காரர். எனக்கு வேண்டிய பதிலை அவர் என் கையில் கொடுத்தார், நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நான் கேட்கப் போனதே அதைத்தான்.

அன்ரி இரண்டு முறை தொலைபேசி எடுத்தார். முதல்முறை, "இன்னும் அளந்து முடியேல்லை அன்ரி" என்றேன். பொய். இரண்டாம் முறை, "பேராசிரியர் கடிதம் போடுவார்" என்றேன். அது பொய் என்று அப்போது எனக்குத் தெரியாது, ஆனாலும் நம்பவும் இல்லை. "சனம் கேக்குது, சிஸ்" என்றார் அன்ரி. "ஒவ்வொரு நாளும் கேக்குது." மூன்றாம் முறை அவருடைய எண்ணைக் கண்டதும் நான் எடுக்கவில்லை. அதன் பிறகு அவர் அழைக்கவில்லை.

ஆய்வுக்கான உதவித்தொகை முடிந்தது. பகுப்பாய்வு செய்த இளைஞர் மெல்பேர்னுக்கு வேறு வேலைக்குப் போனார். கடிதம் எழுதுவது யாருடைய வேலை என்பது இரண்டு கூட்டங்களில் பேசப்பட்டு, மூன்றாவதில் பேசப்படவில்லை. கட்டுரை வெளிவந்தது. அதில் ஒரு வரைபடம். ஒவ்வொரு ஆளும் ஒவ்வொரு கறுப்புப் புள்ளி. கோடு நடுவால் சரிந்து போக, எட்டுப் புள்ளிகள் மேலே தனியாக ஒதுங்கி நின்றன. கீழே ஒரு வாக்கியத்தில் அவர்களைப் பற்றி எழுதியிருந்தது. நன்றியுரையில் என் பெயரும் இருந்தது. என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. அதற்கு நான் ஒரு நாள் முழுக்கக் கவலைப்பட்டேன்.

இரண்டாயிரத்து ஒன்பதில் வன்னியில் எங்கள் சனம் செத்துக்கொண்டிருந்தது. சிட்னித் தமிழர் எல்லாரும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு நகரத்தில் நின்றோம். செய்மதியால் மேலே இருந்து படம் எடுக்கிறார்கள், எங்கே குண்டு விழுகிறது என்று எல்லா நாட்டுக்கும் தெரியும், தெரிந்தும் வாய் திறக்கிறார்கள் இல்லை என்று தொண்டை கிழியக் கத்தினோம். என் கையில் இருந்த அட்டையில் 'உங்களுக்குத் தெரியும்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் நின்றேன். பக்கத்தில் நின்ற என் கணவர் அழுதார். நானும் அழுதேன். அந்த மூன்று நாளிலும் அன்ரியின் நினைவு எனக்கு ஒருமுறையும் வரவில்லை. அதுதான் உண்மை. என்னை எனக்கே பிடிக்காமல் போனது அதனால்தான்.

அந்த மாதமே கூடத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. என்னைக் கேட்டுத்தான் வந்தது.

"சிஸ், நான் அன்ரி. இப்ப டயாலிசிஸில இருக்கிறன். திங்கள், புதன், வெள்ளி. உன்ர இலக்கத் தாளையும் எடுத்துக்கொண்டு வா."

புதன்கிழமை பகல் போனேன். நீளமான அறை, சாய்வுக் கதிரைகள், ஒவ்வொரு கதிரைக்கும் ஓர் இயந்திரம். அன்ரி பாதியாகிப் போயிருந்தார். குரல் மட்டும் அதே அளவு. இடது கையில் இரண்டு ஊசிகள், குழாயில் அவருடைய இரத்தம் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது. மடியில் எங்கள் கட்டுரை. மேல்படிப்புப் படிக்கிற தாதி ஒருத்தி எங்கோ கண்டுபிடித்து அவருக்குப் பிரதி எடுத்துக் கொடுத்திருந்தாள்.

சுகம் விசாரிக்க வாய் எடுத்தேன். அவர் விடவில்லை. வரைபடத்தை விரித்தார்.

"இதில நான் எது?"

எனக்குத் தாள் தேவைப்படவில்லை. மூன்று முறை அளந்த எண்கள் மனப்பாடம். அவருடைய இலக்கம் முதலாவது, முதல் ஆளாகக் கை நீட்டியவர் அல்லவா. அந்த எட்டில் ஒன்று என்று எனக்கு அளந்த அன்றே தெரியும். இந்த வரி வரைக்கும் அதை எழுதாமல் இழுத்துக்கொண்டு வந்தேன், எழுதுவதற்குக் கூட வெட்கமாக இருந்தது. வலது பக்கம் மேலே நின்ற புள்ளியைக் காட்டினேன்.

அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பக்கத்தில நிக்கிறவை ஆர்? இலக்கத்தைச் சொல்லு."

சொன்னேன். அவர் தன் பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்தார். அந்தச் சனிக்கிழமைகளில் இலக்கமும் பெயருமாக அவர் எழுதி வைத்தது. செய்யக்கூடாத வேலை. விதியை மீறி ஒருவர் அதைச் செய்திருந்ததால்தான் அந்த இலக்கங்களுக்கு இன்னும் ஆட்கள் இருந்தார்கள். நான் ஓர் இலக்கம் சொல்ல, அவர் விரலால் தேடிப் பதில் சொன்னார்.

"இவர் கார் திருத்தின மனுசன். போயிட்டார்." செத்தவர்களின் பெயரை அவர் வாயால் சொல்லவில்லை. அது அவர்களின் வழக்கம். "இவ அங்க, ஜன்னலோரம் இருக்கிறா, பார்." பார்த்தேன். மெலிந்த ஒரு பெண் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். "இவரும் போயிட்டார். இவ வடக்க போயிட்டா, என்னெண்டு தெரியேல்லை. இவர் செவ்வாய், வியாழன், சனி. இவவும் கண்ணை மூடிட்டா."

"அன்ரி..." என்றேன்.

"பொறு. கடிதம் வரேல்லை எண்டு சனம் ஆரைக் கேட்டது தெரியுமே? உன்னையோ? உன்ர பேராசிரியரையோ? என்னை. நான் கடிதங்களைத் துலைச்சுப்போட்டன் எண்டு சொன்னவை. வெள்ளைக்காரரோட சேந்து விலைபோயிட்டன் எண்டும் சொன்னவை. நான் கதவு தட்டினால் இப்ப திறக்கினம் இல்லை. ஊசி போட வாங்கோ எண்டு கூப்பிட எனக்கு இப்ப வாய் இல்லை. கிட்னி போனது பெரிசில்லை சிஸ், அது எப்பிடியும் போயிருக்கும்."

எப்படியும் போயிருக்காது. மருந்தும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் அப்போதே தொடங்கியிருந்தால் இழுத்துப் பிடித்திருக்கலாம், சில வருடமாவது. என் கணவருக்கு அப்படித்தான் பிடித்து வைத்திருக்கிறார்கள். அன்ரிக்கு அது தெரியும். எனக்கு இரங்கித்தான் அப்படிச் சொன்னார். அந்த இரக்கத்தை என்னால் தாங்க முடியவில்லை.

ஓர் இலக்கம் மிச்சம் இருந்தது. சொன்னேன். அன்ரியின் விரல் கொப்பியில் நின்றது.

"இவன் என்ர மகன்" என்றார். பிறகு, "தங்கச்சியின்ர மகன்" என்றார். எங்கள் முறையிலும் தங்கையின் மகன் மகன்தான், எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "லிட்கமில பேக்கரியில வேலை செய்யிறான். சுகமாத்தான் இருக்கிறான். போன கிழமையும் கண்டனான்."

சுகமாகத்தான் இருப்பான். இன்னும் சில மாதம், அல்லது ஒரு வருடம். அவன் காலையில் எழும்பி மா பிசைந்துகொண்டிருப்பான், உள்ளே ஒழுகிக்கொண்டிருக்கும்.

அன்ரி சும்மா இருந்த கையால் கைத்தொலைபேசியை எடுத்து எண்ணை அமத்தினார். மறுபக்கம் மணி அடிப்பது எனக்கும் கேட்டது. அதை என்னிடம் நீட்டினார்.

"நீ சொல்லு."

"நீங்கள் சொன்னால் நல்லது அன்ரி. என்னை அவனுக்குத் தெரியாது."

"நான் சொன்னால் நம்ப மாட்டான். அவன் என்னோட கதைச்சு இரண்டு வருசம். போன கிழமை ரோட்டில கண்டனான், மற்றப் பக்கம் கடந்து போயிட்டான். நீ சொல்லு."

மறுபக்கத்தில் அவன் எடுத்துவிட்டான். பின்னால் தட்டுகள் இழுபடும் சத்தம். நான் என் பெயரைச் சொன்னேன், அவன் கொடுத்த இரத்தத்தை அளந்தவள் என்றேன். இருபது வருடத்தில் முதல்தடவையாக ஓர் இலக்கத்தை அதன் சொந்தக்காரருக்குச் சொன்னேன். கிட்னி பழுதாகிக்கொண்டிருக்கிறது, இன்றைக்கே டொக்டரிடம் போக வேண்டும், இன்னும் நேரம் இருக்கலாம் என்றேன். என் ஆங்கிலம் தடுமாறியது.

"இது எப்ப எடுத்த இரத்தம்?" என்றான் கடைசியில்.

சொன்னேன்.

"அப்ப இருந்தே தெரியுமா?"

"ஓம்" என்றேன். தமிழில்தான் வந்தது. பிறகு யெஸ் என்றேன்.

தட்டுகளின் சத்தம் நின்றிருந்தது. வெளியே வந்து நிற்கிறான் போல.

"அன்ரிக்கும் தெரியுமா?"

அன்ரி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கேட்டிருக்கும்.

"இல்லை" என்றேன். "அன்ரி கேட்டவ. திரும்பத் திரும்பக் கேட்டவ. நான்தான் சொல்லேல்லை."